மாக்கியவெல்லி சொல்லாத வாசகம்

‘நோக்கம் நிறைவேறினால் போதும், வழி எதுவானாலும் தப்பில்லை.’ இப்படி ஒரு வரி. பக்கத்தில் மெல்லிய உதட்டில் அரைப் புன்னகையோடு ஒரு மனிதரின் படம். கீழே ‘மாக்கியவெல்லி’ என்ற பெயர். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே இது உங்கள் கைப்பேசிக்கும் ஒருநாள் வந்திருக்கும். யாராவது கட்சி மாறினாலோ கூட்டணி கவிழ்ந்தாலோ பத்தி எழுதுகிறவர்கள் ‘மாக்கியவெல்லித்தனம்’ என்பார்கள். கொஞ்சம் நம்மூர் வாசனை வேண்டுமென்றால் ‘சாணக்கியத்தனம்’.

ஐந்நூறு ஆண்டுக்கு முன் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் வாழ்ந்த அரசியல் எழுத்தாளர் அவர். அந்த வரியை அவர் எழுதவில்லை. (அந்தப் படமும் அவர் இறந்த பிறகு, அவரை நேரில் பார்த்திராத சாந்தி தி தித்தோ என்ற ஓவியர் வரைந்ததுதான். அந்தக் கள்ளச் சிரிப்பு எவ்வளவுக்கு மாக்கியவெல்லியுடையது, எவ்வளவுக்கு ஓவியருடையது என்று யார் கண்டார்.)

எழுதவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் அது பாதி உண்மைதான். அதற்குக் கிட்டத்தட்ட வரும் ஒரு வரி அவரிடம் உண்டு. அதைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அங்கிருந்தே புரியும்.

ஆட்சி பற்றி அவர் எழுதிய ‘இளவரசன்’ நூலின் 18ஆம் அத்தியாயம். ஆள்பவன் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமா என்பது அங்கே பேச்சு. சிங்கமாக மட்டும் இருப்பவனுக்குக் கண்ணி தெரியாது, நரியாக மட்டும் இருப்பவனால் ஓநாயை விரட்ட முடியாது, இரண்டுமாக இருக்கத் தெரிய வேண்டும் என்கிறார். பிறகு சொல்கிறார்: மனிதர்களின் செயல்களில், அதிலும் மேல்முறையீடு செய்ய நீதிமன்றம் இல்லாத ஆட்சியாளர்களின் செயல்களில், எல்லாரும் முடிவைத்தான் பார்க்கிறார்கள். ஒருவன் வென்று ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டால், அவன் கையாண்ட வழிகளை எல்லாரும் மெச்சுவார்கள். ஏனென்றால் பொதுவாக மனிதர்கள் வெளித்தோற்றத்திலும் விளைவிலும் மயங்கிவிடுகிறவர்கள்.

இந்த வரிகளில் ‘பார்க்கிறார்கள்’ என்றுதான் இருக்கிறது. ‘சரி’ என்றோ ‘நியாயம்’ என்றோ அவர் தீர்ப்பு எழுதவில்லை; ஊர் எப்படித் தீர்ப்பு எழுதும் என்று சொல்கிறார். ஜெயித்தவன் செய்த கோல்மால் பத்து வருஷத்தில் ராஜதந்திரம் ஆகிவிடுவதை நாமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

இதைவிடக் கிட்டத்தில் வரும் ஓர் இடம் அவருடைய இன்னொரு நூலில் உண்டு. ரோமை நிறுவிய ரோமுலஸ் தன் சொந்தத் தம்பியைக் கொன்றவன். அந்தச் செயல் அவனைக் குற்றவாளியாக்கினாலும், விளைவு நல்லதாக அமைந்தால் அது அவனுக்குப் பிழைபொறுக்கச் செய்யும் என்கிறார். உடனே ஒரு வரம்பும் கட்டுகிறார்: சீர்செய்ய வன்முறையில் இறங்கியவனுக்குத்தான் இது, சீரழிக்க இறங்கியவனைக் கண்டித்தே ஆக வேண்டும். நியாயம் என்பது வேறு, பிழைபொறுத்தல் வேறு. நியாயமான செயலுக்கு மன்னிப்பே தேவையில்லை. மன்னிப்பு தேவைப்படுகிறது என்றாலே அங்கே ஒரு குற்றம் அப்படியே கிடக்கிறது என்றுதானே பொருள்?

உண்மையில் ‘முடிவே செயலை மெய்ப்பிக்கும்’ என்று எழுதியவர் ரோமக் கவிஞர் ஓவிட். மாக்கியவெல்லிக்குச் சுமார் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு மூத்தவர். காதல் கவிதைக்குப் பேர்போனவர். பழி மட்டும் எப்படியோ மாக்கியவெல்லி தலையில் விழுந்துவிட்டது.

அடுத்த குழப்பம் நூலின் பெயரிலேயே தொடங்குகிறது. தமிழில் ‘இளவரசன்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயரைக் கேட்டால் பட்டத்துக்குக் காத்திருக்கும் ராஜகுமாரன் நினைவுக்கு வருவான். அவனுக்கு யாரோ தீய குரு ஓதுகிற மாதிரி ஒரு சித்திரம் எழும். மூலத் தலைப்பில் உள்ள இத்தாலியச் சொல்லான ‘பிரின்சிபே’ லத்தீனின் ‘பிரின்செப்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது: முதலானவன், தலைவன். நூல் பேசுவது ஆள்பவனைப் பற்றி. அதிலும் குறிப்பாகப் பரம்பரை உரிமை இல்லாமல் புதிதாக ஆட்சியைப் பிடித்தவனைப் பற்றி. அப்பா, தாத்தா ஆண்ட இடத்தில் உட்காருகிறவனுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை, ஜனங்களுக்குப் பழகிப்போயிருக்கும் என்று இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பக்கத்தில் முடித்துவிடுகிறார். புதியவனுக்குத்தான் எல்லாத் தலைவலியும்.

அவர் அடிக்கடி கையாளும் இன்னொரு சொல்லும் வழிமாற்றிவிடும்: ‘வீர்த்து’. ஆங்கிலத்தில் அதன் உடன்பிறப்பான ‘வர்ச்சூ’ நற்குணம் என்ற பொருளுக்குப் போய்விட்டதால், கொலைகாரர்களை எல்லாம் இவர் நற்குணவான்கள் என்கிறாரே என்று படிக்கிறவர்கள் திகைக்கிறார்கள். வேர், லத்தீனின் ‘வீர்’: ஆண்மகன். தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. நம் ‘ஆண்மை’ ஏறக்குறைய இதே பாதையில் வந்த சொல். பழைய வழக்கில் அது ஆளும் திறம். தாளாண்மை, வேளாண்மை என்றெல்லாம் சொல்லும்போது மிஞ்சியிருப்பது அந்தப் பொருள்தான். சூழலைக் கையில் எடுத்து ஆளத் தெரிந்தவனின் திறம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் பொருந்தும்.

அந்தத் திறமும் ஒழுக்கமும் முற்றிலும் தொடர்பற்றவை என்று அவர் விட்டுவிடவுமில்லை. எட்டாம் அத்தியாயத்தில், பழங்காலச் சிசிலித் தீவின் சிராகூஸ் நகரைப் பிடித்த அகாதக்ளீஸ் வருகிறான். குயவன் மகன், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டம் என்று அழைத்து, ஒரு சைகையில் வீரர்களை விட்டு வெட்டிப் போட்டவன். சக குடிமக்களைக் கொல்வது, நண்பர்களைக் காட்டிக்கொடுப்பது, நம்பிக்கையோ இரக்கமோ மதமோ இல்லாமல் இருப்பது, இவற்றைத் திறம் என்று சொல்ல முடியாது, இவற்றால் அதிகாரம் கிடைக்கலாம், புகழ் கிடைக்காது என்று அவனைப் பற்றி எழுதுகிறார். ‘வழி எதுவானாலும் சரி’ என்பவருக்கு இந்த வரியை எழுத வேண்டிய தேவையே இல்லை. ஆனால் இதே அத்தியாயத்தில் கொடுமையை ‘நன்றாகப் பயன்படுத்துவது’ என்றும் ஒன்றைச் சொல்கிறார்: செய்ய வேண்டியதை ஒரே மூச்சில் செய்து முடித்துவிட வேண்டும், தினம் தினம் கொஞ்சமாக நீட்டிக்கக் கூடாது. படிக்கக் கூசும். அவரும் கொஞ்சம் கூசியிருக்கிறார். ‘தீயதைப் பற்றி நன்று என்று சொல்லலாகுமானால்’ என்று நடுவில் ஒரு தயக்கத்தைச் செருகியிருக்கிறார்.

அந்தத் தயக்கத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். 15ஆம் அத்தியாயத்தில் அவர் போடும் அடித்தளமும் அதுதான். யாரும் கண்ணால் கண்டிராத லட்சியக் குடியரசுகளைப் பலர் கற்பனை செய்துவிட்டார்கள். மனிதர்கள் எப்படி வாழ வேண்டும் என்பதற்கும் எப்படி வாழ்கிறார்கள் என்பதற்கும் வெகுதூரம். எல்லா விஷயத்திலும் நல்லவனாகவே இருப்பேன் என்பவன், நல்லவர் அல்லாத இத்தனை பேருக்கு நடுவே அழிந்துபோவான். ஆகவே ஆள்பவன் ‘நல்லவனாக இல்லாமல் இருக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்’, தேவைக்கேற்ப அதைப் பயன்படுத்தவோ பயன்படுத்தாமல் இருக்கவோ வேண்டும். மூன்று அத்தியாயம் தள்ளி இன்னும் கூர்மையாக: முடிந்தவரை நன்மையை விட்டு விலகாதே, கட்டாயம் நேர்ந்தால் தீமைக்குள் நுழையத் தெரிந்திரு.

பொய்க்கு ‘வியூகம்’ என்றும் கொலைக்கு ‘நடவடிக்கை’ என்றும் பெயர் மாற்றிச் சொல்வது அரசுகளின் பழைய வழக்கம். இவர் மாற்றவில்லை. தீமைக்குள் நுழை என்று சொல்லும்போதும் அதைத் தீமை என்றே அழைக்கிறார். அவரைப் படித்தவர்களுக்கு வந்த கோபத்தில் பாதி இதனால்தான் என்று எனக்குத் தோன்றும்.

‘நேசிக்கப்படுவதைவிட அஞ்சப்படுவதே மேல்’ என்பதும் அடிக்கடி சுற்றும் வரி. 17ஆம் அத்தியாயத்தில் அவர் சொல்வது: இரண்டும் இருந்தால்தான் நல்லது; இரண்டும் ஒன்றாகச் சேர்வது கடினம்; ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால் அச்சம் பாதுகாப்பானது. அதற்கடுத்த வரியைத்தான் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அஞ்ச வை, ஆனால் வெறுக்க வைத்துவிடாதே. குடிகளின் சொத்திலும் பெண்களிடத்திலும் கை வைக்காதவரை வெறுப்பு வராது. தகப்பன் செத்ததைக்கூட மனிதர்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள், பிதிரார்ஜிதம் பறிபோனதை மறக்க மாட்டார்கள் என்று ஒரு குத்தலும் உண்டு. பாகப்பிரிவினை வழக்கு நடத்திய குடும்பங்களுக்கு விளக்கம் தேவையில்லை. 20ஆம் அத்தியாயத்தில், ஆள்பவனுக்கு ஆகச் சிறந்த கோட்டை மக்களின் வெறுப்பைச் சம்பாதிக்காமல் இருப்பதுதான், ஜனங்கள் வெறுத்துவிட்டால் எந்தக் கோட்டையும் காப்பாற்றாது என்கிறார்.

அச்சம் பற்றிய அந்தப் பேச்சு புத்தகத்தில் படித்ததால் மட்டும் வந்ததில்லை. அங்கே அவர் பிஸ்தோயா என்ற சிற்றூரைக் குறிப்பிடுகிறார். புளோரன்ஸின் ஆளுகைக்குள் இருந்த ஊர். பான்சியாத்திகி, கான்செல்லியேரி என்று இரண்டு குடும்பக் கட்சிகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தன. கடுமை காட்டினால் கொடியவர்கள் என்ற பேர் வருமே என்று புளோரன்ஸ் தயங்கியது, ஊர் நாசமானது. 1501இல் அந்தக் கலவரத்தைப் பார்க்க அரசு அலுவலராக அங்கே அனுப்பப்பட்டவர்களில் மாக்கியவெல்லியும் ஒருவர். கருணை என்ற பெயரில் கைகட்டி நிற்பது எத்தனை பேரைக் கொல்லும் என்று அவர் எழுதும்போது பிணங்களைப் பார்த்தவனின் எரிச்சல் அதில் இருக்கிறது.

ஆம், அவர் அரசு அலுவலர். அதுவும் குடியரசின் அலுவலர். சர்வாதிகாரிகளின் ஆசிரியர் என்று நினைத்துக்கொண்டு அவர் வாழ்க்கையைப் படிக்கப் போகிறவர்களுக்கு முதல் அதிர்ச்சி இதுதான்.

நிக்கோலோ மாக்கியவெல்லி 1469 மே 3 அன்று புளோரன்ஸில் பிறந்தார். அப்பா பெர்னார்தோ சட்டம் படித்தவர், வசதி குறைவு. ரோம வரலாற்றாசிரியர் லிவியின் நூலுக்கு ஊர்ப்பெயர் அட்டவணை தயாரித்துக் கொடுத்து, கூலியாக அந்தப் புத்தகத்தின் ஒரு படியை வாங்கிக்கொண்டவர். அந்த லிவியைத்தான் மகன் பின்னால் வாழ்நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நகரை நெடுங்காலம் நிழலில் இருந்து ஆண்ட மெதிச்சி வங்கிக் குடும்பம் 1494இல் விரட்டப்பட்டது. குடியரசு வந்தது. இன்றைய ஜனநாயகம் மாதிரி கற்பனை செய்ய வேண்டாம். பெரிய மன்றத்தில் உட்கார உரிமை பெற்றவர்கள் ஏறக்குறைய 3,000 ஆண்கள். ஆனாலும் அன்றைய ஐரோப்பாவில் அது பெரிய எண்ணிக்கை. 1498இல், 29 வயதில், மாக்கியவெல்லி அதன் இரண்டாம் செயலகத்துக்குத் தலைவரானார்.

14 ஆண்டு அங்கே உழைத்தார். பிரெஞ்சு மன்னர், ஜெர்மானியப் பேரரசர், போப்பின் மகன் செசாரே போர்ஜா என்று பலரிடம் தூது போனார். நகரின் பிரதிநிதியாகப் பெரும் அதிகாரத்தோடு போனதாக எண்ண வேண்டாம். கையில் காசில்லை, பெரிய ஆட்களைப் போல முடிவெடுக்கும் உரிமையும் இல்லை, காத்திருந்து கவனித்துக் கடிதம் எழுதுவதுதான் வேலை. போர்ஜாவை அவர் 1502இல் அப்படித்தான் பக்கத்தில் இருந்து பார்த்தார். ரொமாஞ்ஞா பகுதியை அடக்க ரெமிர்ரோ என்ற கொடிய அதிகாரியை வைத்து வேலை வாங்கிவிட்டு, மக்களின் வெறுப்பு முற்றியதும் அவனையே இரண்டாகப் பிளந்து செசெனா நகரச் சதுக்கத்தில் ஒரு காலைப்பொழுதில் போட்டுவிட்டான் போர்ஜா. ஜனங்கள் ‘திருப்தியும் திகைப்பும்’ அடைந்தார்கள் என்று எழுதினார் மாக்கியவெல்லி. இந்த வியப்பைப் பிடித்துக்கொண்டு போர்ஜாவை அவருடைய லட்சிய நாயகன் என்பவர்கள், அதே அத்தியாயத்தின் கடைசியில் அவனுடைய அழிவுக்குக் காரணமான தவறான கணக்கையும் அவர் சுட்டிக்காட்டுவதைக் கவனிப்பதில்லை.

கூலிப்படைகளை நம்பி நகரம் கெடுகிறது என்பது அவருடைய ஓயாத புலம்பல். சொந்தக் குடிகளைக் கொண்டே ஒரு படையை 1506இல் திரட்டினார். 1509இல் பீசா நகரை மீட்டதில் அதற்குப் பங்குண்டு. மூன்று ஆண்டு கழித்து பிராத்தோவில் ஸ்பானியப் படைக்கு முன்னால் அதே படை சிதறி ஓடியது, ஊர் சூறையாடப்பட்டது, குடியரசு விழுந்தது, மெதிச்சிகள் திரும்பி வந்தார்கள். நவம்பரில் வேலை போனது. 1513 பிப்ரவரியில், மெதிச்சிகளுக்கு எதிரான சதியில் ஈடுபட்டவர்களிடம் சிக்கிய ஒரு பட்டியலில் அவர் பெயர் இருந்ததால் கைது. கைகளைப் பின்னால் கட்டி, கயிற்றில் மேலே தூக்கி, திடீரென்று விடுவார்கள். தோள் மூட்டு நழுவும். ஆறு முறை. அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. மெதிச்சி குடும்பத்து கார்டினல் மார்ச்சில் பத்தாம் லியோ என்ற பெயரில் போப்பாக, அந்தக் கொண்டாட்டத்தின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்.

சூழ்ச்சிக்கு இலக்கணம் எழுதியவர் தன் வாழ்க்கையில் அதைக் காட்டவில்லை என்று சிரிக்கலாம். நான் சிரித்திருக்கிறேன்.

அந்த வருஷமே ஊருக்கு வெளியே தன் சிறு பண்ணையில் உட்கார்ந்து அவர் எழுதிய மெல்லிய நூல்தான் ‘இளவரசன்’. 26 அத்தியாயம். டிசம்பர் 10ஆம் தேதி நண்பர் வெத்தோரிக்கு எழுதிய கடிதத்தில் தன் ஒருநாளைச் சொல்கிறார். காலையில் விறகு வெட்டுகிறவர்களோடு சச்சரவு; பிறகு ஊற்றோரம் உட்கார்ந்து தாந்தே, பெத்ரார்க்கா, அல்லது அதே ஓவிட்; மதியத்துக்கு மேல் சத்திரத்தில் இறைச்சிக் கடைக்காரர், மாவு மில்காரர், சூளைக்காரர்கள் இருவரோடு சீட்டாட்டம், காலணாவுக்குக் கத்துகிற கத்தல் பக்கத்து ஊருக்குக் கேட்கும். மாலையில் சேறு படிந்த உடையைக் களைந்துவிட்டு, அரசவைக்குரிய உடை உடுத்திப் பழைய ஆசிரியர்களின் சபைக்குள் நுழைகிறார். நான்கு மணி நேரம் பசியும் வறுமையும் சாவும் மறந்துபோகின்றன. அந்த மணிகளில் பிறந்த நூல் என்று அதைச் சொல்கிறார். அடுத்து, மெதிச்சிகள் எனக்கு ஏதாவது வேலை கொடுக்கட்டும், கல்லை உருட்டச் சொல்லித் தொடங்கினாலும் பரவாயில்லை என்கிறார்.

ஆக, அது ஒரு வகையில் வேலைக்கான விண்ணப்பம். இதை மறந்ததால்தான் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கட்டுக்கதை முளைத்தது: அவர் கொடுங்கோலர்களை அம்பலப்படுத்தவே அப்படி எழுதினார், அந்த நூல் ஒரு மறைமுகக் கேலி என்று. மன்னர்களுக்குப் பாடம் சொல்வது போல நடித்து மக்களுக்குப் பாடம் சொன்னார் என்று தத்துவஞானி ரூசோவே 1762இல் எழுதிவிட்டார். கேட்க இனிமையாக இருக்கிறது. வெத்தோரிக்கு எழுதிய கடிதத்தில் கேலியின் சாயல்கூட இல்லை. வேலையில்லாதவனின் தவிப்புதான் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் இத்தாலியை அந்நியரிடமிருந்து மீட்கச் சொல்லி மெதிச்சிகளிடம் அவர் கெஞ்சுவதும் நடிப்பு என்று எனக்குப் படவில்லை. தீயவராக்கியதும் தப்பு, தியாகியாக்குவதும் தப்பு. அதிர்ஷ்டம் ஒரு பெண், அவளை அடித்துத்தான் அடக்க வேண்டும் என்று 25ஆம் அத்தியாயத்தில் அவர் எழுதியதை எந்தக் கேலிக் கோட்பாடும் கழுவாது.

குடியரசுக்காரர் எப்படி இதை எழுதினார் என்ற கேள்விக்கு அவருடைய பெரிய நூலைப் படித்தால் பதில் கிடைக்கும். லிவியின் முதல் பத்துப் பகுதிகளைப் பற்றிய ‘உரைகள்’. அதில், பொதுமக்கள் கூட்டம் ஓர் அரசனைவிட விவேகமும் உறுதியும் உள்ளது என்று வாதிடுகிறார். அதுவரை வந்த எழுத்தாளர்கள் எல்லாரும் கூட்டத்தைப் பழித்திருக்கிறார்கள் என்று தெரிந்தே. ரோமில் மேட்டுக்குடிகளும் சாமானியரும் ஓயாமல் சண்டையிட்டதுதான் ரோமின் கேடு என்று மற்றவர்கள் சொல்ல, அந்தச் சண்டையில்தான் ரோமின் சுதந்திரம் பிறந்தது என்கிறார். போராட்டம், கூச்சல், கடையடைப்பு எல்லாம் நாட்டுக்குக் கேடு என்று முகம் சுளிப்பவர்கள் அந்த அத்தியாயத்தை ஒருமுறை படிக்கலாம். அதன் சாயல் ‘இளவரசன்’ நூலிலும் உண்டு: மேட்டுக்குடியின் விருப்பம் ஒடுக்குவது, மக்களின் விருப்பம் ஒடுக்கப்படாமல் இருப்பது, ஆகவே மக்களின் நோக்கமே நேர்மையானது என்று ஒன்பதாம் அத்தியாயம் சொல்கிறது.

பிறகு பெயர் எப்படிக் கெட்டது? ‘இளவரசன்’ அவர் இருந்தவரை கையெழுத்துப் படியாகவே சுற்றி, அவர் இறந்து ஐந்து ஆண்டு கழித்து, 1532இல்தான் ரோமில் அச்சானது. போப்பின் அனுமதியோடு! 1559இல் இன்னொரு போப்பின் காலத்தில் அவருடைய எழுத்து முழுவதும் தடைப் பட்டியலில் ஏறியது. 1572இல் பிரான்சில் புராட்டஸ்டண்டுகள் படுகொலை செய்யப்பட்டபோது அரசரின் தாயாக இருந்தவர் கத்தரீன் தெ மெதிச்சி; மாக்கியவெல்லி நூலைக் காணிக்கையாக்கிய லொரென்சோவின் மகள். போதாதா? நான்கு ஆண்டில் இன்னசான் ஜாந்தியே என்ற புராட்டஸ்டண்ட் வழக்கறிஞர், எல்லாம் அந்தப் புளோரன்ஸ்காரனின் போதனை என்று ஒரு தடித்த புத்தகம் எழுதினார். கத்தோலிக்கர்களும் திட்டினார்கள், அவர்களின் எதிரிகளும் திட்டினார்கள். இங்கிலாந்தில் நாடக மேடையில் அவர் பெயரில் ஒரு வில்லன் தோன்றி வசனம் பேசியதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1640இல்தான் ‘இளவரசன்’ ஆங்கிலத்தில் அச்சேறியது. மூலத்தை முந்திக்கொண்டு கெட்ட பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் பிரஷ்யாவின் பிரெடெரிக். பட்டத்துக்கு வருவதற்கு முன் மாக்கியவெல்லியை அத்தியாயம் அத்தியாயமாகக் கண்டித்து ஒரு மறுப்பு நூல் எழுதினார். பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் அதைத் திருத்தி 1740இல் வெளியிட்டார். அதே ஆண்டு டிசம்பரில், புதிதாக மன்னரான பிரெடெரிக், பக்கத்து நாட்டில் ஓர் இளம்பெண் அரியணை ஏறிய நேரம் பார்த்து, அவளுடைய ஆளுகையில் இருந்த சைலீசியாவுக்குள் படையை அனுப்பினார்.

மாக்கியவெல்லிக்கு மெதிச்சிகள் அவர் எதிர்பார்த்த வேலையைத் தரவேயில்லை. 1520இல் புளோரன்ஸின் வரலாற்றை எழுதச் சொல்லிக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். எழுதி முடித்து 1525இல் மெதிச்சி போப்பிடம் ஒப்படைத்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1527 மே மாதம், பேரரசரின் படை ரோமைச் சூறையாடியது. அந்தச் செய்தி வந்ததும் புளோரன்ஸ் மெதிச்சிகளை மறுபடி விரட்டியது. அவர் 14 ஆண்டு உழைத்த குடியரசு திரும்பி வந்தது. பழைய செயலகப் பதவிக்கு ஆள் தேடினார்கள். அவரும் எதிர்பார்த்தார். மெதிச்சிகளிடம் காசு வாங்கி எழுதியவர் என்ற சந்தேகம் குறுக்கே நின்றது. ஜூன் 10ஆம் தேதி வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பதினோரு நாள் கழித்து, ஜூன் 21ஆம் தேதி, வயிற்று நோயில் இறந்தார். வயது 58.